புதுப்பிப்பு: ஐபேடில் எழுத்து இரட்டிப்பது நின்றது

வாய்பேச்சு இல்லாதவர் ஒரு விரலால் தட்டும்போது எழுத்து இரண்டு மூன்றாக விழுவதற்கு வழி கேட்டிருந்தேன். தீர்வு ஐபேடின் ‘டச் அக்காமொடேஷன்ஸ்’ (தொடுதலைக் கைக்கேற்ப மாற்றும்) அமைப்பில் இருக்கிறது. கை நடுக்கத்தால் குறித்த நேரத்துக்குள் வரும் மறுதட்டலை அதிலுள்ள ‘இக்னோர் ரிப்பீட்’ தள்ளிவிடும். ஆனால் அதன் நேரத்தைக் கூட்டிவிடாதீர்கள். தமிழ்99 விசைப்பலகையில் ‘அம்மா’ என்று எழுத ம-வை அடுத்தடுத்து இருமுறை தட்டுவோம். நேரம் நீண்டால் இரண்டாவது ம விழுங்கப்பட்டு ‘அமா’ ஆகிவிடும். குறைவாக வைத்து, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

பக்கத்து விசை அழுந்தினால், விசைகளுக்கு மட்டும் துளையுள்ள, திரைமேல் வைக்கும் கீகார்ட் பலகை போதும். விசைப்பலகையின் அளவு மாறினால் துளைகள் பொருந்தாது, கவனம்.

ஐபேடைத் தாங்கியில் நிறுத்துங்கள். அவர் கையை யாரும் பிடிக்கவே கூடாது. பிடித்தால் எழுதியது யார் என்றே தெரியாமல் போகும்.