ஹார்ட்டெயிலுக்குத் தமிழில் என்ன? வியாழனுக்குள் வேண்டும்

கோத்தகிரியிலிருந்து:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். இங்கே பிள்ளைகளுக்கு வார இறுதியில் சைக்கிள் பூட்டும் வகுப்பு நடத்துகிறோம். வெறும் பிரேமில் தொடங்கி, பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து அவர்களே மலை சைக்கிள் ஒன்றைக் கட்டி முடிக்க வேண்டும். கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. சட்டகம் (பிரேம்), முன்கவை (போர்க்), சக்கர அச்சு (ஆக்சில்) எல்லாம் எழுதியாயிற்று. முதல் பக்கத்திலேயே வருகிற ஹார்ட்டெயில்தான் நகர மாட்டேன் என்கிறது. முன்னால் மட்டும் ஷாக், பின்பக்கம் விறைப்பு. தேயிலைத் தோட்டப் பாதைகளுக்கு அதைத்தான் பரிந்துரைக்கிறோம். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர். பின்னாலும் ஷாக் வைத்த சட்டகம் என்றால் மூட்டுக்கு மூட்டு பேரிங். சேறு புகுந்துவிட்டால் கழற்றி மாற்ற மலையிறங்க வேண்டும். எடையும் விலையும் வேறு கூடுதல். பிள்ளைகள் வாயில் நுழைகிற சொல்லாகத் தாருங்கள்.

திருச்சியிலிருந்து:

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? வன்வால். ஹார்ட் என்றால் வன்மை, டெயில் என்றால் வால்; பண்புத்தொகை. வன்மையான வாலை உடைய வண்டி என்று விரித்தால் அன்மொழித்தொகை. பொற்றொடி வந்தாள் என்றால் வளையலா நடந்து வந்தது? அதே கணக்குதான்.

மதுரையிலிருந்து:

நண்பர் அவசரப்படுகிறார். பழந்தமிழில் வால் என்றால் வெண்மை, தூய்மை. இரண்டாம் குறளின் வாலறிவன் வால் முளைத்த அறிவன் அல்லவே. ஆங்கிலேயன் தன் சைக்கிளுக்கு வால் வைத்துக்கொண்டால் நாமும் ஒன்று ஒட்டவைக்க வேண்டுமா?

என் முன்மொழிவு: ஓரசை. ஒருபக்கம் மட்டும் அசைவது. இருபக்கமும் அசைந்தால் ஈரசை. நேரும் நிரையும் படித்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். நாள், மலர், காசு, பிறப்பு என வெண்பாவில் ஓரசைச்சீர் ஈற்றில் நிற்கும். சைக்கிளில் அசை முன்னால் நிற்கிறது, அது ஒன்றுதான் உறுத்தல். அசை என்ற வேரே அழகானது. அசைதல், அசைநிலை, மாடு அசைபோடுதல் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். 'ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும் அசைவிலா ஊக்கம்' என்ற குறளில் அதர் என்பது வழி. மலைப்பாதையில் ஓட்டும் வண்டியை அதர்வண்டி என்று சொல்லிப் பாருங்கள்.

கோவையிலிருந்து:

கடைக்கு வருகிறவர்கள் 'முன்னாடி மட்டும் ஷாக் வச்சது' என்றுதான் கேட்கிறார்கள். பெயர் எதுவானாலும் சரி, ஒரு விஷயம் கையேட்டில் இருக்கட்டும். பின்பக்கம் விறைப்பு என்பதால் ஆள் ஏறி உட்கார்ந்ததும் முன்பக்கம் மட்டும் அமுங்கும், கழுத்துக் கோணம், அதாவது ஹேண்டில்பாருக்குக் கீழே போர்க் நுழைகிற பிரேம் குழாய் தரையோடு சாய்கிற கோணம், நிமிரும். கேட்லாக்கில் 66 டிகிரி என்று போட்டிருப்பது ஆளில்லாமல் நிற்கிற வண்டிக்கு. இரண்டு பக்கமும் ஷாக் இருந்தால் இரண்டு முனையும் சேர்ந்தே இறங்கும், கோணம் அவ்வளவு மாறாது. அதனால் ஊட்டி பக்கம் கல்லட்டி மலைப்பாதை மாதிரி 36 கொண்டை ஊசி வளைவு இறங்குகிற ஊரில், ஹார்ட்டெயிலுக்குக் கழுத்து கொஞ்சம் கூடுதலாகவே சாய்ந்த பிரேமாகப் பார்க்க வேண்டும்.

நீளமான போர்க் போட்டுச் சாய்த்துக்கொள்ளலாம் என்று பையன்கள் கிளம்புவார்கள். 20 மி.மீ. கூடினால் ஏறக்குறைய 1 டிகிரி சாயும், உண்மைதான். ஆனால் பிபியும் (பெடல் அச்சு சுழல்கிற பாகம்) தூக்கிக்கொள்ளும், பிரேம் செய்தவர் சொன்ன அளவைத் தாண்டினால் கழுத்து வெல்டிங்கில் விரிசல் விடலாம். சைஸை சீட் குழாய் நீளத்தை வைத்து எடுக்காதீர்கள், ரீச்சைப் பாருங்கள், அதாவது பிபிக்கு நேர் மேலிருந்து கழுத்துக் குழாயின் உச்சி வரை கிடைமட்டமாக எவ்வளவு தூரம் என்று. பின் ஹப் அகலம் 135 மி.மீ.யா 148 மி.மீ.யா என்று சக்கரம் வாங்கும் முன்பே பாருங்கள். பிபி மரை உள்ளதாக இருந்தால் மழைக்கு நல்லது, கழற்றிப் பூட்ட எளிது. குரோமோலி இரும்பு பிரேம் என்றால் குழாய்க்கு உள்ளேயும் எண்ணெய் விடுங்கள். கிரீஸ் தடவாமல் அலுமினிய சீட் போஸ்டை அதில் இறக்கினால் அப்புறம் சுத்தியலாலும் எடுக்க முடியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நாங்கள் எழுத்தில் துவிச்சக்கர வண்டி என்போம், பேச்சில் சைக்கிள்தான். ஆகவே தூய்மை பற்றி நான் வாய் திறக்கவில்லை. கோவை நண்பர் சொன்ன ரீச்சுக்கு எட்டம் என்று போடலாமே, எங்கள் பக்கம் புழக்கத்தில் உள்ள சொல்.

ஓரசை பற்றி ஒரு கேள்வி. முன்னும் பின்னும் ஷாக் இல்லாத வண்டி ஐயாவின் முறைப்படி அசையா வண்டி ஆகிவிடுகிறதே. அசையாச் சொத்து போல அதைப் பதிவு அலுவலகத்தில் எழுதிவைக்க வேண்டிவருமோ?

மதுரையிலிருந்து:

நகைச்சுவை நன்று. அதற்கு நிலைச்சட்டகம் என்று வைத்திருக்கிறேன். ஆனால் கோவை எழுதியதையும் கவனியுங்கள். ஏறி உட்கார்ந்தால் முன்பக்கம் மட்டும் அமுங்குவதால்தான் கோணம் மாறுகிறது என்கிறார். அதைச் சொல்லும் பெயர் ஓரசை. வன்வால் சொல்லுமா? ஷாக்குக்கு அதிர்வேற்பி என்கிறார்கள், அதுவும் அரைகுறை. சுருள்வில்லோ காற்றோ அதிர்வை ஏற்கிறது, எண்ணெய்தான் தணிக்கிறது. ஏற்பி வேறு, தணிப்பி வேறு.

திருச்சியிலிருந்து:

ஐயா, கோணத்தைப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கலாம், பெயரிலேயே ஏற்ற வேண்டியதில்லை. தூய தமிழும் வேண்டாம் என்பவர்களுக்குத் தொல்காப்பியர் வழி காட்டியிருக்கிறார்: வடசொல்லுக்குச் செய்ததைப் போல அயலெழுத்தை நீக்கி எழுதிக்கொள்ளுங்கள். ஆர்த்தெயில். ஆர்த்த எயில், முழங்குகிற மதில். கோட்டைக்குப் பொருந்தும், சைக்கிளுக்குத்தான் பொருந்தவில்லை.

கோத்தகிரியிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. இரண்டு சொல்லையும் பிள்ளைகளிடம் படித்துக் காட்டினேன். ஓரசை என்றதும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி 'அலகிட்டு வாய்பாடு எழுதணுமா அண்ணா?' என்றாள். வன்வாலுக்கு எல்லோரும் சிரித்தார்கள், இருப்பதிலேயே சேட்டைக்காரனுக்கு அந்தப் பெயரும் விழுந்துவிட்டது. ஆனால் வகுப்பு முடிவதற்குள் 'என்னோடது வன்வால்' என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தாரும் தனிமடலில் அதற்கே கை தூக்கினார். எனவே கையேட்டில் வன்வால், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ஹார்ட்டெயில். எட்டமும் உண்டு. கோவை அண்ணன் எழுதியது கட்டம் கட்டி வருகிறது. அவர் போகிற போக்கில் சொன்ன கழுத்துக் கோணத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அதை யாரும் மறுக்கவில்லை.

மதுரையிலிருந்து:

மறுக்க நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வன்வாலுக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். அப்புறம், கழுத்து என்றால் அதன்மேல் தலை இருக்க வேண்டும். ஹேண்டில்பார் தலையா, கொம்பா? கொம்பு என்றால் அது கழுத்தே அல்ல. தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

கோவையிலிருந்து:

அச்சாகி வந்த பிறகு எழுதுங்கள் ஐயா.