தங்லின் ஹால்ட் போனது, ஸ்டர்லிங் ரோடு நிற்கிறது: எந்த புளோக் இடிபடும், எது தப்பும்?

அரசமரத்தடி:
சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன் பழைய வீடுகள் பற்றி இரண்டு கேள்வி. தங்லின் ஹால்ட்டின் பத்து மாடி புளோக்குகள் 1960களின் தொடக்கத்தில் எழுந்தவை, 2014இல் செர்ஸ் (பழைய புளோக்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டு குடியிருப்பவர்களுக்கு மாற்று வீடு தரும் திட்டம்) அறிவிப்பு வந்தது. ஸ்டர்லிங் ரோட்டின் 45, 48, 49 புளோக்குகள் 1960இலேயே முடிந்தவை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய முதல் புளோக்குகள். அவை மட்டும் எப்படி நிற்கின்றன? அடுத்தது: பழைய வீட்டில் கழிவறைக் கூரை பெயர்ந்து கம்பி தெரிந்தால், எச்ஐபி (பழைய வீடுகளை உள்ளே பழுதுபார்த்து மேம்படுத்தும் அரசாங்கத் திட்டம்) வரும்வரை விட்டுவைக்கலாமா?

கிழக்குவாசல்:
வயசை வைத்து செர்ஸ் வராதுங்க, அதனால்தான் ஸ்டர்லிங் ரோடு பழையதாக இருந்தும் நிற்கிறது. இந்த நிலத்தில் இன்னும் எத்தனை வீடு கட்டலாம், குடியிருப்பவர்களை மாற்றப் பக்கத்திலேயே இடம் இருக்கிறதா, அரசாங்கத்திடம் பணம் இருக்கிறதா, இந்த மூன்றும்தான் கணக்கு. தங்லின் ஹால்ட் காமன்வெல்த் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிய நிலம். அதில் வெறும் பத்து மாடி. பக்கத்து டாசனில் மாற்று வீடுகளுக்கு இடமும் இருந்தது. அங்கே புதிய ஸ்கைவில் புளோக்குகள் 47 மாடி என்பதைப் பார்த்தால் கணக்கு தானாகப் புரியும். 31 புளோக்குகளை ஒரே அறிவிப்பில் எடுத்தார்கள்.

கொஞ்சம் பின்னால் போனால், குவீன்ஸ்டவுனைத் தொடங்கியது வீவக அல்ல, அதற்கு முன் வீடு கட்டிய அரசாங்க அமைப்பான எஸ்ஐடி. போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் 1950களில் ஆரம்பித்த வேலை அது. 14 மாடி ஃபர்ஃபார் ஹவுஸ் (1956) அவர்கள் கட்டியதுதான், அதுவும் இன்று இல்லை. 1960இல் வீவக பொறுப்பேற்றபின் வேகம்தான் முக்கியமாக இருந்தது. தங்லின் ஹால்ட் என்ற பெயரே ரயில் நின்ற இடத்தால் வந்தது. காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் கோயிலும் ரயில்வே தொழிலாளர்கள் 1932இல் தண்டவாளத்தோரம் வைத்து வழிபட்டதில் தொடங்கியது.

மொத்த வீவக வீடுகளில் 5 விழுக்காடுதான் செர்ஸுக்குத் தகுதி பெறும் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. செர்ஸ் வரும் என்று நம்பிக் கூரையை விட்டுவைக்காதீர்கள்.

சுத்தியல்:
கூரை விஷயம். காற்றிலுள்ள கரியமில வாயு பல ஆண்டுகளில் கான்கிரீட்டுக்குள் இறங்கி அதன் காரத்தன்மையைக் குறைக்கும். அந்தக் காரம்தான் கம்பிக்குக் காவல். அது போனபின் ஈரம் பட்டால் துரு. துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும், அதனால் கான்கிரீட் உப்பிப் பெயர்கிறது. கழிவறையிலும் சமையலறையிலும் முதலில் வருவது இதனால்தான்.

முதலில் மேல்வீட்டுக் கசிவை நிறுத்துங்கள். கசிவு இருக்கும்போது பூசினால் திரும்பவும் விழும். பிறகு தட்டிப் பார்த்து, பொத்தென்று ஒலிக்கிற இடத்தையெல்லாம் நல்ல கான்கிரீட் வரும்வரை கொத்த வேண்டும். துருப்பிடித்த கம்பியின் பின்பக்கமும் தெரிய வேண்டும். கம்பித் தூரிகையால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு, ஒட்டுப் பூச்சு, அதன்மேல் பாலிமர் கலந்த காரையை மெல்லிய அடுக்குகளாக. ஒரே அடுக்காகத் தடிமனாக அப்பினால் தலைக்குமேல் நிற்காது. கம்பி கண்ணுக்குத் தெரிய மெலிந்திருந்தால் அங்கேயே நிறுத்திப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

சாதா சிமென்ட் பூசி, ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிவிட்டுப் போகிற குத்தகைக்காரர்கள் உண்டு. அவர்களைத் தவிருங்கள்.

மேல்வீடு, கீழ்வீடு தகராறு வேண்டாம். வீவகவின் உதவித் திட்டத்தில் கசிவுச் செலவில் பாதி வீவகவுடையது, மீதி இரு வீட்டாருக்கும் 25 விழுக்காடு வீதம்.

அரசமரத்தடி:
நன்றி அண்ணே. எச்ஐபியில் இதுவும் செய்வார்கள்தானே, பணம் எவ்வளவு?

கிழக்குவாசல்:
செய்வார்கள். பெயர்ந்த கான்கிரீட், கழிவுநீர்க் குழாய், மின்விநியோகம் எல்லாம் கட்டாய வேலைகள், குடிமக்களுக்கு இலவசம். கழிவறைப் புதுப்பிப்பு, வாசல் கதவு, இரும்புக் கேட் விருப்பம்: செலவில் உங்கள் பங்கு மூவறை வரை 5 விழுக்காடு, நாலறைக்கு 7.5, ஐந்தறைக்கு 10. புளோக்கில் தகுதியுள்ள வீடுகளில் 75 விழுக்காடு ஆதரவாக வாக்களித்தால்தான் எதுவும் நடக்கும்.

ஒரு சிக்கல்: கழிவறையை அண்மையில் புதுப்பித்தவர்கள் விருப்ப வேலையை வேண்டாம் என்பார்கள். ஆனால் குழாய் மாற்ற ஓடுகளை எப்படியும் உடைப்பார்கள், ஒட்டுப்போட்ட ஓடு பழையதோடு பொருந்தாது. அதனால் புளோக் பெயர் பட்டியலில் வந்துவிட்டால் கழிவறை ஓடு மாற்றுவதைத் தள்ளிப்போடுங்கள். கூரையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.