தங்கச்சிமடம் வீடு (குடும்பக் குழு)

பெரியப்பா: மீன் பெட்டி கம்ப்ரசர் போய்விட்டது. ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. படகு திரும்புவதற்குள் பெட்டி ஓட வேண்டும்

சித்தப்பா: மாடியில் பழைய ஏசி கிடக்கிறதே. அதைக் கழற்றி மாட்டலாம்

தம்பி: வேண்டாம் சித்தப்பா. ஏசி கம்ப்ரசர், உள்ளே இருக்கும் குளிர்ச் சுருள் 5, 7 டிகிரியில் இருக்கும்படி செய்தது. மைனஸ் 25-க்கு இழுத்தால் திரும்பி வரும் கேஸ் மெலிந்துவிடும், கம்ப்ரசர் தலை கொதித்து ஆயில் கருகும். முதலில் ஒன்று சொல்லுங்கள், மீன் குளிர்ந்தால் போதுமா, உறைய வேண்டுமா?

பெரியப்பா: உறையத்தான். விலை ஏறும்வரை வைத்திருக்கலாம்

சித்தப்பா: விடிந்தால் வியாபாரி வந்துவிடுவார். போன வருடம் வைத்திருந்து என்ன ஆனது?

பெரியப்பா: அதை இங்கே பேச வேண்டாம்

அத்தை: ஞாயிறு நிச்சயதார்த்தத்துக்கு நண்டு எத்தனை கிலோ?

மதினி: 20 போதும். பாம்பன் நாட்டுப்படகில் சொல்லி வைக்கலாம், அவர்களுக்குத் தடை இல்லை

தம்பி: 50 கிலோ மீனை 30 டிகிரியில் இருந்து 0-க்கு 6 மணி நேரத்தில் இறக்க ஏறத்தாழ 250 வாட் குளிர் வேண்டும். உறைய வைக்க அதற்கு மேல் இன்னும் இரண்டு மடங்குக்கும் அதிகம். குளிர மட்டும் என்றால் எம்பிபி என்ற வகை கம்ப்ரசர், உறைய என்றால் எல்பிபி வகை. மாற்றிப் போட்டால் சரியாக ஓடாது

சித்தப்பா: சமையல் சிலிண்டர் கேஸ் அடிக்கிறார்களாமே?

தம்பி: கூடவே கூடாது. குளிர்பெட்டிக்குப் போடும் ஆர்290 கேஸும் புரொப்பேன்தான், ஆனால் ஈரம் எடுத்துச் சுத்தம் செய்தது. சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கும். கொட்டகையில் கசிந்தால் ஒரு பொறி போதும்

மதினி: நிச்சயதார்த்தச் சமையல் அந்தக் கொட்டகையில்தானே?

தம்பி: அப்போ எரியாத ஆர்134ஏ கேஸ் போடுவோம். அதன் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், அதனால் நம் கடற்காற்றில் குழாயைத் திறந்து போடக்கூடாது. குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி வேக்குவம் நன்றாகப் பிடித்த பிறகுதான் கேஸ். சூட்டை வெளியே விடும் கண்டென்சரைக் கடல் பக்கம் வைக்காதீர்கள், அலுமினியத் தகடு உப்பில் அரித்துவிடும்

அத்தை: ஐயா, இவ்வளவும் யார் படிப்பது

மதினி: அடுப்பை வெளியே வைத்துக்கொள்கிறோம்

பெரியப்பா: எல்பிபி வாங்கு

சித்தப்பா: பாதிப் பணம் தருகிறேன் என்றது குளிர வைக்க. உறைய வைக்க இல்லை

தம்பி: நாளை ராமநாதபுரம் போகிறேன். கிளம்புவதற்குள் இரண்டு பேரும் பேசி ஒன்று சொல்லுங்கள்

அத்தை: நண்டு 25 சொல்லிவிட்டேன்

பெரியப்பா: இரவு வீட்டுக்கு வா, பேசுவோம்

சித்தப்பா: யாரை வரச் சொல்கிறீர்கள்?