மூன்று மாதமாக ஒரு இன்சிடென்ட் ரிப்போர்ட்கூட இல்லை. நல்லதா கெட்டதா?

வார்டு இன்சார்ஜ், மதுரை:
எங்களுடையது 100 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை. மருத்துவமனைகளின் தரத்தைப் பார்த்து அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பான என்ஏபிஎச்சின் அங்கீகாரத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறோம். குவாலிட்டி வகுப்பு எடுத்துத் தேர்வு வைத்தால் சிஸ்டர்கள் எல்லோரும் நல்ல மார்க் வாங்குகிறார்கள். வார்டில் அது தெரிவதில்லை. மெடிக்கல் வார்டில் 30 பேஷண்ட், நைட் டியூட்டிக்கு இரண்டே பேர். வார்டில் நடந்த தப்பை எழுதிக் கொடுக்கும் இன்சிடென்ட் ரிப்போர்ட் மூன்று மாதமாக ஒன்றுகூட வரவில்லை. நிர்வாகம் சந்தோஷப்படுகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. இருக்கிற டென்ஷனைக் கூட்டாமல் இதை எப்படிச் சரிசெய்வது?

குவாலிட்டி பிரிவு:
பயம் நியாயமானது சிஸ்டர். தப்பு நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, யாரும் எழுதவில்லை என்றுதான் அர்த்தம். கடைசியாக ரிப்போர்ட் எழுதியவருக்கு என்ன நடந்தது என்று விசாரித்துப் பாருங்கள். மெமோ கொடுத்திருந்தால் அதோடு எல்லோரும் பேனாவை மூடிவிட்டிருப்பார்கள்.

ஃபாரம் ஒரே பக்கம் போதும். எழுதுபவர் பெயர் கட்டாயம் வேண்டாம். நேராகக் குவாலிட்டி பிரிவுக்கு வரட்டும், எச்ஆர் பக்கம் போகவே கூடாது. பேஷண்டைத் தொடும் முன்பே பிடிபட்ட தப்புகளை, அதாவது நியர் மிஸ்களை, முதலில் கேளுங்கள். எழுதக் கூச்சம் இருக்காது. ஆரம்ப மாதங்களில் ரிப்போர்ட் ஏறத்தான் செய்யும். அதை நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். எண்ணிக்கையாகக் காட்டாமல் 1000 பேஷண்ட் நாளுக்கு எத்தனை என்று காட்டுங்கள்: தினமும் 60 பேர் அட்மிஷனில் இருந்தால் 30 நாளுக்கு 1800 பேஷண்ட் நாள், 5 பேர் கீழே விழுந்திருந்தால் 2.8.

இந்தப் பயம் நர்ஸின் உயிரையும் தொடும். பேஷண்டுக்குப் போட்ட ஊசி தன் கையில் குத்தியதைத் திட்டுக்குப் பயந்து மறைத்தால் எச்ஐவி தடுப்பு மாத்திரை தாமதமாகிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை.

ஐசியு சிஸ்டர்:
தேர்வில் என்ன கேட்கிறீர்கள்? 'தரம் என்றால் என்ன' என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் மருந்தின் வயல் இரண்டைக் கையில் கொடுங்கள். இரண்டும் 5 மில்லி. ஒன்றில் மில்லிக்கு 1000 யூனிட், இன்னொன்றில் 5000. 2500 யூனிட் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அடுத்து இன்சுலின். மில்லிக்கு 40 யூனிட் என்று கோடு போட்ட சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, மில்லிக்கு 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். விடிகாலை நாலு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், பின்னால் அட்டெண்டர் கூப்பிடும்போது நடக்கும் தப்பு இதுதான்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை வார்டு அலமாரியிலிருந்தே எடுத்துவிடுங்கள். 10 மில்லி ஆம்பியூலில் 20 மில்லிஈக்விவலன்ட் (mEq) பொட்டாசியம் இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூல் மாதிரியே இருக்கும். கலக்காமல் நேராக நரம்பில் போட்டால் இதயம் நின்றுவிடும்.

டபுள் செக் என்பது இரண்டாவது கையெழுத்து அல்ல. இரண்டாவது சிஸ்டர், முதல் ஆள் போட்ட கணக்கைப் பார்க்காமல், ஆர்டரைப் படித்துத் தானே கணக்குப் போட வேண்டும். இரண்டு பேர் இருக்கும் நைட்டில் எல்லா மருந்துக்கும் இது நடக்காது. ஹெபரின், இன்சுலின், பொட்டாசியம் மூன்றுக்கு மட்டும் வையுங்கள், அதை விடாமல் செய்யுங்கள்.

நர்சிங் சூப்பரின்டெண்டண்ட்:
ஆள் கணக்கைப் பேசாமல் டென்ஷனைப் பேசுவதில் பயனில்லை. ஆறு பேஷண்டுக்கு ஒருவர் என்றால் 30 படுக்கைக்கு ஷிஃப்டுக்கு 5 பேர், மூன்று ஷிஃப்டுக்கு 15. லீவ், வார ஓய்வுக்கு 30 சதவீதம் சேர்த்தால் 20 பேர். உங்கள் நைட்டில் ஒருவருக்கு 15 பேஷண்ட். யோகா வகுப்பு வைத்து இதைச் சரிக்கட்ட முடியாது.

ஆள் வரும்வரை எழுத்து வேலையைக் குறையுங்கள். ஒரே பிபி எத்தனை இடத்தில் ஏறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்: சார்ட், நர்ஸஸ் நோட்ஸ், ஹேண்டோவர் புக், ரவுண்ட்ஸ் புக். சார்ட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என்ஏபிஎச் நாலு இடத்தில் எழுதச் சொல்லவில்லை.

வார்டு இன்சார்ஜ், மதுரை:
நன்றி. ஹெபரின் வயல் தேர்வை இந்த வாரமே வைக்கிறேன். ஒரு சந்தேகம்: நைட்டில் ஒருவர் பேஷண்டை ஸ்கேனுக்குக் கூட்டிப்போய்விட்டால் டபுள் செக் யார் செய்வது?

ஐசியு சிஸ்டர்:
டியூட்டி டாக்டர், அல்லது பக்கத்து வார்டு சிஸ்டர். அதை பாலிசியிலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். ஹெபரின் இன்ஃப்யூஷன் சிரிஞ்ச் மாற்றுவதை இரவு ஹேண்டோவர் நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போது இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் படுக்கை பக்கத்திலேயே நிற்பார்கள். மருந்து, அளவு, கலந்த நேரம், இரண்டு பேரின் இனிஷியல் நான்கும் சிரிஞ்ச் லேபிளில் இருக்கட்டும்.