அண்ணனோட விபத்து கேஸ் தள்ளுபடி. எதிர்தரப்பு வக்கீல் செலவை நாங்க கட்டணுமா?

திருவொற்றியூர் தம்பி:
வணக்கம். அண்ணன் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல கான்ட்ராக்ட்ல லோடு இறக்கிட்டு இருந்தார். 2022-ல கன்டெய்னர் கதவுல மாட்டி வலது கையில ரெண்டு விரல் போச்சு. தொழிலாளர் துணை ஆணையர்கிட்ட இழப்பீடு கேட்டுப் போட்ட கேஸ் போன மாசம் தள்ளுபடி ஆயிடுச்சு. கூலியைக் கையிலதான் கொடுத்தாங்க, கார்டு, சீட்டு எதுவும் கிடையாது. "எங்க ஆளே இல்ல"ன்னு சொல்லிட்டாங்க.

நேத்து மேஸ்திரி வீட்டுக்கு வந்து கோடு போட்ட நோட்டுத் தாள் ஒண்ணைக் கொடுத்துட்டுப் போனார். 'வக்கீல் செலவு 45,000'னு பேனாவுல எழுதியிருக்கு. சீல் இல்ல, கையெழுத்தும் இல்ல. அம்மா அதைக் கையில வச்சுக்கிட்டு ராத்திரி பூரா தூங்கல. கட்டித்தான் ஆகணுமா?

பாரிமுனை குமாஸ்தா:
தம்பி, அந்தத் தாளுக்கு ஒரு ரூபா கொடுக்காதீங்க. விபத்து நடந்தப்ப அமல்ல இருந்த 1923-ஆம் வருஷத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 26-வது பிரிவுப்படி, செலவை யார் தலையில போடறதுன்னு முடிவு பண்றவர் ஆணையர். கேஸ் தோத்துட்டாலே கட்டணும்னு சட்டம் சொல்லல. உத்தரவோட கடைசிப் பத்தியைப் படிங்க. 'செலவுத்தொகை இல்லை'ன்னு இருந்தா அவங்க வக்கீலுக்கு அவங்களே கொடுத்துக்கணும். செலவோட தள்ளுபடின்னு இருந்தாலும், அதுல சொன்ன தொகைதான்.

திருவொற்றியூர் தம்பி:
நன்றிண்ணா. எங்க வக்கீல் வர்ற தொகையில 20 சதவீதம்னு பேசியிருந்தார். இப்ப டைப்பிங், நகல்னு 6,000 கேக்கறார்.

பாரிமுனை குமாஸ்தா:
சதவீதம் பேசறதையே பார் கவுன்சில் விதி தடுக்குது. ஆனா கைக்காசு போட்டுச் செய்த செலவு நியாயம்தான். எதுக்கு எவ்வளவுன்னு கணக்கு கேட்டு, ரசீதோட கொடுங்க. கேஸ் கட்டைக் கையோட வாங்கிடுங்க, மேல போக அது வேணும்.

ராயபுரம் சங்கத்துக்காரர்:
முதல்ல ஒண்ணு சொல்லுப்பா, அண்ணனுக்குச் சம்பளத்துல ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு, பிடிச்சாங்களா? பிடிச்சிருந்தா இந்தச் சட்டத்துல கேட்கவே முடியாது, ஈ.எஸ்.ஐ.கிட்டதான் கேட்கணும். இல்லன்னா மனசை விடாதே. கான்ட்ராக்ட் ஆளா இருந்தாலும், வேலை யாருக்காக நடந்ததோ அந்த முதலாளியையும் 12-வது பிரிவு விடாது. அவரைக் கேஸ்ல சேர்த்தாங்களான்னு பாரு.

அடிபட்ட அன்னிக்கு ஆஸ்பத்திரியில போட்ட ஏ.ஆர். காப்பி, அதான் விபத்துப் பதிவேட்டு நகல், எங்கே? எங்கே, எப்படி அடிபட்டதுன்னு அதுல எழுதியிருப்பாங்க. முதல் நாள் டாக்டர்கிட்ட சொன்ன வார்த்தைக்கு மதிப்பு அதிகம். எத்தனையோ பேர் அதை வீட்டு டிரங்க் பெட்டியிலேயே போட்டு வச்சுட்டு கேஸ் தோத்ததை நான் பார்த்திருக்கேன், வயிறு எரியும். தாக்கல் பண்ணியும் ஆணையர் அதைத் தொடாம விட்டிருந்தா, ஹைகோர்ட்ல பேச இடம் இருக்கு. அப்பீலுக்கு 60 நாள்தான். முக்கியமான சட்டக் கேள்வி இருந்தாத்தான் எடுப்பாங்க, ஆத்திரத்துல போட்டு மறுபடி செலவு இழுத்துக்காதே. தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்கு போன் பண்ணு.

திருவொற்றியூர் தம்பி:
ஈ.எஸ்.ஐ. பிடிக்கலண்ணே. இப்பதான் கடைசிப் பக்கம் பார்த்தேன், 'செலவுத்தொகை இல்லை'ன்னு தெளிவா இருக்கு. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. ஏ.ஆர். காப்பியில 'வேலை செய்யும்போது கன்டெய்னர் கதவில்'னு இருக்கு, யார்டு பேரும் இருக்கு. தாக்கல் பண்ணியிருக்காங்க, ஆனா உத்தரவுல அதைப் பத்தி ஒரு வரி இல்ல. இன்னையோட 31 நாள் ஆச்சு. திங்கட்கிழமை கேஸ் கட்டை வாங்கிட்டு, அண்ணனையும் கூட்டிக்கிட்டு ஹைகோர்ட் சட்ட உதவிக்குப் போறேன்.