கொள்ளெண்ணிக்கையும் பொதிவுப் பின்னமும்: மும்பை செம்பூரிலிருந்து ஒரு மறுமொழி

மதிப்பிற்குரிய அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சாடிக்குள் எத்தனை கோலிக்குண்டுகள் இருக்கும் என்று எண்ணாமலே கணிக்கும்போது கையாளும் விகிதத்துக்குத் 'திணிவு விகிதம்' என்ற சொல்லை நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். திணித்தல் என்னும் வினை பொருத்தமானதே. ஆயினும் இலங்கைப் பாடநூல்களில் திணிவு என்பது நிறையைக் (mass) குறித்து நிலைபெற்றுவிட்டதால், யாழ்ப்பாணத்து மாணவர் அதை வேறொன்றாகவே புரிந்துகொள்வார். செறிவு கரைசலுக்குப் போய்விட்டது. 'நெரிசல் எண்' என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எழுதியதில் வியப்பில்லை. மும்பை புறநகர் ரயிலில் உச்ச நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் மனிதர் ஒடுங்கி இடங்கொடுப்பர், கோலிக்குண்டு ஒடுங்காது.

நமக்கு வேண்டியவை இரண்டு சொற்கள் என்பது என் கருத்து. "இந்த டப்பாவில் எத்தனை கொள்ளும்?" என்றுதான் வீட்டில் கேட்கிறோம், கொள்ளளவு கன அளவைச் சொல்வதால், எண்ணிக்கையைக் 'கொள்ளெண்ணிக்கை' எனலாம். (இதையே 'கொள்ளெண்' என்று சுருக்கினால் எனக்குக் கொள்ளு ரசந்தான் நினைவுக்கு வருகிறது.) கலத்தின் கன அளவில் பொருள்கள் உண்மையில் நிரப்பும் பங்கைப் 'பொதிவுப் பின்னம்' எனலாம். பொதிவு என்ற சொல் தமிழக வேதியியல் பாடத்தில் படிகங்களுக்கு ஏற்கெனவே வழங்குகிறது.

ஆனால் இந்தப் பின்னம் ஒரே எண் அன்று. படியால் அரிசி வாங்கிய தலைமுறைக்கு இது தெரியும்: கொட்டி அளந்தால் கடைக்காரருக்கு ஆதாயம், குலுக்கி அளந்தால் வாங்குபவருக்கு. ஒரே அளவுள்ள கோளங்களைக் கொட்டினால் பின்னம் ஏறத்தாழ 0.60, நன்றாகக் குலுக்கினால் 0.64, பழக்கடையில் ஆரஞ்சை அடுக்குவதுபோல் அடுக்கினால் 0.74. அந்த அடுக்கை மிஞ்ச முடியாது என்று வானியலாளர் கெப்ளர் 1611இல் கருதினார். கணிதவியலாளர் ஹேல்ஸ் அதன் நிறுவலை அறிவித்தது 1998இல், கணினி வழியே முழுமையாகச் சரிபார்த்து முடித்தது 2014இல். ஆகவே கொட்டுப் பொதிவு, குலுக்குப் பொதிவு, அடுக்குப் பொதிவு என்று மூன்றாகப் பிரிப்பதே நேர்மையானது. 'தற்போக்கு நெருங்கு பொதிவு' (random close packing) போன்ற நீண்ட தொடரைவிடக் குலுக்கு என்னும் வினை பொருளை உடனே காட்டுகிறது.

வேறுபாடு சிறிதன்று. 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோலி ஒன்றின் கன அளவு சுமார் 2.14 கன சென்டிமீட்டர். ஐந்து லிட்டர் சாடியை அதனால் வகுத்து நிறுத்திவிட்டால் 2,330 என்று வரும். குலுக்குப் பொதிவின்படி ஏறக்குறைய 1,490, கொட்டுப் பொதிவின்படி 1,400 மட்டுமே. மாட்டுங்காவில் ஒரு பொங்கல் விழாப் போட்டியில் நான் முதல் வகையில் கணக்கிட்டுத் தோற்றவன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பொதிவைக் கோளங்களுக்கு மட்டும் உரியதாக்கிக் 'கோளப் பொதிவு' என்று குறுக்க வேண்டாம்; தட்டையான மிட்டாய்கள் கோளங்களைவிட நெருக்கமாகப் பொதியும் என்பதைப் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2004இல் காட்டியுள்ளனர்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சாடியின் சுவரையொட்டிக் கூடுதல் இடைவெளி விழுவதால் சிறிய சாடியில் பின்னம் குறைகிறது. அதைச் 'சுவர் விளைவு' என்பதா, 'ஓரக் குறைவு' என்பதா? எனக்கு இரண்டாவது பிடிக்கிறது, அன்பர்கள் மறுக்கலாம்.