கலெக்டர் வாரம்: எந்த வேலைக்கு எந்தக் கிழமை? – டெல்டா அனுபவப் பகிர்வு

நன்னிலத்தான்:
தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கிலும் கலெக்டரின் வாரம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓடுகிறது. திங்கள் மக்கள் குறைதீர் கூட்டம், நடுவில் கள ஆய்வு, மாதத்தில் ஒரு புதன் ஏதாவது ஒரு தாலுகாவில் தங்கல், மாதக் கடைசி வாக்கில் ஒரு வெள்ளி விவசாயிகள் குறைதீர் கூட்டம். எந்த வேலைக்கு எந்த நாள் போகலாம், மனு எங்கே முடங்குகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள். "அலைஞ்சேன், நடக்கல" என்று எல்லாரும் சொல்வார்கள். ஏன் நடக்கவில்லை என்பதுதான் இங்கே வேண்டும்.

மனு எழுதுபவர், ஆட்சியரக வாசல்:
திங்கள் பற்றி நான் சொல்கிறேன். கூட்டம் 10 மணி வாக்கில் தொடங்கும். வாசலில் போலீஸ் பை, பாட்டில் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார்கள். மண்ணெண்ணெய் கொண்டுவந்து விபரீதம் செய்யப் பார்த்தவர்களால் வந்த சோதனை அது. தண்ணீர் பாட்டிலைக்கூட வாங்கி முகர்வார்கள், கோபப்பட வேண்டாம். அடுத்து பதிவு மேசை. பெயர், ஊர், செல்போன் எண், கோரிக்கை இவற்றைக் கணினியில் ஏற்றி எண் போட்டு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். சீட்டு வாங்காமல் நேரே மேடைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தால் அந்த மனுவைப் பின்னால் தேட வழியில்லை.

கலெக்டர் கையில் ஒரு மனு அரை நிமிடம் இருந்தால் அதிகம். முதலில் "பொருள்" வரியைப் பார்ப்பார், கண் நேரே கடைசிப் பத்திக்கு இறங்கும், பிறகு தலை நிமிர்ந்து பக்கத்து மேசை அதிகாரியைக் கூப்பிடுவார். நடுவில் இருக்கும் குடும்பக் கதையை யாரும் படிப்பதில்லை. அதனால் ஒரே பக்கம், ஒரே கோரிக்கை. பட்டா, முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மனு ஒரே துறைக்குப் போகும், மற்ற இரண்டும் அங்கேயே செத்துப்போகும். மூன்று மனுவாகக் கொடுங்கள்.

"பட்டா வேண்டி" என்று பொருள் போடுவது வீண். பெயர் மாற்றமா, உட்பிரிவா, நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) மனைப் பட்டாவா என்று பிரித்து, கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு நான்கையும் பொருள் வரியிலேயே எழுதுங்கள். அசல் ஆவணம் எதையும் இணைக்காதீர்கள், நகல் போதும். பேரன் நம்பரைக் கொடுத்துவிட்டு அவன் திருப்பூரில் சிம்மை மாற்றிவிட்டால் பதில் குறுஞ்செய்தி யாருக்கும் வராது. 1100-க்குப் போன் செய்து மனு எண்ணைச் சொன்னால் நிலவரம் சொல்வார்கள்.

இந்த ஏற்பாட்டில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. மனு கலெக்டரிடமிருந்து தாசில்தார், அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், கடைசியில் கிராம நிர்வாக அலுவலர் என்று இறங்கும். புகாரே அவர் மேல் என்றாலும் அறிக்கை அவரிடம்தான் கேட்கப்படும். அப்படிப்பட்ட மனுவில் கடைசி வரியாக "கோட்டாட்சியர் நிலையில் நேரடி விசாரணை செய்ய வேண்டுகிறேன்" என்று தனியாக எழுதுங்கள். எழுதினால் நடந்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. எழுதாவிட்டால் நடக்கவே நடக்காது.

ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ., பாபநாசம் பக்கம்:
மேலே சொன்னது சரிதான், எங்கள் ஆட்கள் மேலும் குறை உண்டு. ஆனால் தள்ளுபடியாகும் பட்டா மனுக்களில் பாதி, வரவே கூடாத இடத்துக்கு வந்த மனுக்கள். தாசில்தார் ஒரு முறை உத்தரவு போட்டுவிட்டால் அதை மாற்ற திங்கள்கிழமை மனு உதவாது. 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. கலெக்டரிடம் கொடுத்தால் "மேல்முறையீடு செய்துகொள்ளலாம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், இடையில் மேல்முறையீட்டுக் கெடுவும் ஓடிவிடும். சிவில் கோர்ட்டில் வழக்கு இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அறிக்கையில் எப்படியும் வந்துவிடும்.

பரப்பு எழுதும்போது கவனம். நம் பக்கத்தில் வாயில் வருவது மா, குழி, வேலி. 100 குழி ஒரு மா, அதாவது சுமார் 33 சென்ட். 20 மா ஒரு வேலி. பதிவேட்டில் இருப்பது ஹெக்டேர், ஏர். ஒரு ஏக்கருக்கு சுமார் 40.5 ஏர். "மூணு மா நிலம்" என்று மனுவில் எழுதி, சிட்டாவில் (நில உரிமையாளர் பெயரும் பரப்பும் உள்ள பதிவேடு) 0.38.5, அதாவது 38.5 ஏர் என்று இருந்தால், பரப்பு ஒத்துவரவில்லை என்றே அறிக்கை போகும். சிட்டாவில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதுங்கள்.

வாய்க்கால் கரையில் வீடு கட்டி இருப்பவர்கள் மனைப் பட்டா கேட்டு வாரா வாரம் வருகிறார்கள். நீர்நிலைப் புறம்போக்கில் எந்தக் கலெக்டராலும் பட்டா கொடுக்க முடியாது, நீதிமன்ற உத்தரவுகள் அவ்வளவு கடுமை. "மாற்று இடத்தில் மனை வழங்கக் கோரி" என்று மாற்றி எழுதினால் மனு உயிரோடாவது இருக்கும்.

கோயில், மடத்து நிலத்தில் குத்தகை சாகுபடி செய்பவர்களுக்கு வேறு பாதை. பட்டா கோயில் பெயரில்தான் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது 1969-ஆம் ஆண்டு சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவு, வழக்கில் சொன்னால் ஆர்.டி.ஆர். பதிவு. அது இல்லாவிட்டாலும் அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கு) சாகுபடிதாரர் பெயர் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு போகத்திலும் பாருங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும் இன்சூரன்ஸ் கட்டவும் அதுதான் கேட்கிறார்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை வரும் ஜமாபந்தியை, அதாவது கிராமக் கணக்குத் தணிக்கையை விட்டுவிடாதீர்கள். பசலி என்கிற வருவாய் ஆண்டு ஜூன் 30-இல் முடிவதால் மே, ஜூனில் நடக்கும். ஒரு தாலுகாவைக் கலெக்டர் எடுப்பார், மற்றவற்றை மாவட்ட வருவாய் அலுவலர், கோட்டாட்சியர் என்று பிரித்துக்கொள்வார்கள். பிர்கா (பல கிராமங்கள் சேர்ந்த குறுவட்டம்) வாரியாக எந்த நாள் எந்த ஊர் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். அன்று கிராமக் கணக்குகள் அத்தனையும் மேசை மேல் இருக்கும், நில அளவைச் சங்கிலியைக்கூடப் பார்ப்பார்கள். கணக்கும் கணக்கரும் ஒரே இடத்தில் இருக்கும் அந்த நாளில் பத்து நிமிடத்தில் தெளிவாகிற விஷயம், திங்கள்கிழமைகளில் மாதக்கணக்கில் இழுக்கும்.

கடைமடை, திருத்துறைப்பூண்டி:
வெள்ளிக் கூட்டத்துக்கு வருவோம். கலெக்டர் தலைமையில் நடக்கும் இதை ஏற்பாடு செய்வது அவருடைய நேர்முக உதவியாளர் (வேளாண்மை). காலையிலேயே பெயர் பதிந்து டோக்கன் வாங்கினால்தான் மைக் கிடைக்கும். கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். முதல் நிமிடத்தைக் கலெக்டருக்கும் அமைச்சருக்கும் நன்றி சொல்லியே செலவழிக்கும் சங்கத் தலைவர்களை எந்த மாவட்டத்திலும் பார்க்கலாம்.

"எங்க ஊர் வாய்க்கால் தூர்வாரல" என்று சொல்லி உட்கார்ந்தால் பதில் கிடையாது. ஆறும், ஏ, பி வாய்க்கால்களும் நீர்வளத் துறை. அதற்குக் கீழே வயலுக்குள் போகும் சி, டி வாய்க்கால்களைத் தூர்வாருவது வேளாண்மைப் பொறியியல் துறை. குளம், குட்டை என்றால் பெரும்பாலும் ஊராட்சி, ஒன்றியம். எது எவருடையது என்று தெரியாமல் கேட்டால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வாய்க்கால் பெயர், எந்த ஆற்றில் எந்தத் தலைப்பிலிருந்து பிரிகிறது, வலது கரையா இடது கரையா, எங்கிருந்து எதுவரை எத்தனை மீட்டர், அடைத்திருப்பது என்ன என்று சொல்லுங்கள். மண்மேடா, ஆகாயத்தாமரையா, காட்டாமணக்கா, உடைந்த ஷட்டரா என்பதைப் பொறுத்து வேலையும் மதிப்பீடும் மாறும். ஷட்டர் திருகு துருப்பிடித்தது என்றால் கிரீஸ் வைத்து முடிகிற வேலையாகக்கூட இருக்கலாம். மதகின் அடிப்பலகை அரித்திருந்தால் பலகையையே மாற்ற வேண்டும்.

நேரமும் முக்கியம். மேட்டூர் திறப்புக்கு வழக்கமான நாள் ஜூன் 12. அங்கிருந்து மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். சிறப்புத் தூர்வாரல் ஏப்ரல் கடைசி, மே மாதங்களில் நடக்கும். அதற்கான பட்டியல் அதற்கு முன்பே தயாராகிவிடும். ஆகவே ஜனவரிக்குள் மனு போக வேண்டும். மே கூட்டத்தில் எழுந்து கத்தினால் "அடுத்த ஆண்டு பட்டியலில் சேர்க்கப்படும்" என்பார்கள், அதில் பொய்யும் இல்லை.

கல்லணையில் விதை நெல்லும் பூவும் தூவும் விழாவில் மனு கொடுக்கப் போகாதீர்கள். அன்று எல்லாரும் சிரித்துக்கொண்டே வாங்கி உதவியாளர் கையில் கொடுப்பார்கள், பதிவு எண் கிடையாது. தண்ணீர் கடைமடைக்கு (பாசனத்தின் கடைசிப் பகுதிக்கு) வராத ஜூலையில் எந்த ரெகுலேட்டர் (நீரைப் பிரித்து விடும் மதகு) வரை வந்தது, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் உங்கள் ஆற்றுக்கு எவ்வளவு கன அடி விடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தால் பொறியாளர் பொத்தாம் பொதுவாகப் பேச முடியாது.

இன்னொன்று: சென்ற மாதம் வந்த மனுக்களுக்கான பதில்களை அச்சடித்து வைத்திருப்பார்கள். பலர் வாங்குவதே இல்லை. உங்கள் பதிலில் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று இருந்து வயலில் ஒன்றும் நடக்காவிட்டால், அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். புது மனுவைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கொள்முதல் நிலையத்தில் வேலை பார்த்தவர்:
நடுவாரக் கள ஆய்வில் கலெக்டர் நெல் கொள்முதல் நிலையத்துக்கு வந்தால் மூன்று விஷயம் பார்ப்பார்: ஈரப்பதம், சாக்கு இருப்பு, லாரி இயக்கம் (மூட்டைகளை லாரியில் ஏற்றி அனுப்புவது). கருவியில் 17 சதவீதம் வரை எடுக்கலாம் என்பது விதி. மழை ஆண்டுகளில் மத்திய அரசு தளர்வு கொடுத்தால் மட்டும் அது கூடும். வரும் நாள் முன்னமே தெரிந்துவிட்டால் காய்ந்த குவியலைத்தான் முன்னால் வைப்பார்கள். விவசாயி அருகில் இருந்தால் குவியலின் மேல், நடு, அடி மூன்றிலும் கையை விட்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அடியில் எடுத்த நெல் எப்போதும் கூடுதலாகவே காட்டும், அதை ஒளிப்பதைவிட அங்கேயே கிளறிக் காயப்போட இடம் கேட்பது நல்லது.

உண்மையான முடக்கம் எடையில் இல்லை, இயக்கத்தில்தான். சிப்பம் 40 கிலோ பிடித்து அடுக்கிவிட்டோம், லாரி வரவில்லை என்றால் அடுக்க இடமின்றி கொள்முதலே நிற்கும், வெளியே கிடக்கும் நெல் மழையில் முளைக்கும். ஆகவே "கொள்முதல் செய்யவில்லை" என்று எழுதாமல், "இத்தனை மூட்டை இயக்கம் ஆகாமல் தேங்கியிருக்கிறது, தார்ப்பாய் இத்தனை குறைவு" என்று எழுதுங்கள். கலெக்டர் அங்கேயே போனை எடுத்து மண்டல மேலாளரிடம் கேட்கக்கூடிய கேள்வி அது.

கீழ்வேளூர்:
இன்சூரன்ஸ் பணம் வரவில்லை என்று கலெக்டரிடம் கொடுக்கலாமா அண்ணே?

கடைமடை, திருத்துறைப்பூண்டி:
கொடுக்கலாம் தம்பி, ஆனால் என்ன கேட்கிறோம் என்பது முக்கியம். இழப்பீடு பெரும்பாலும் உன் வயலைப் பார்த்து வருவதில்லை. கிராம அளவில் நடக்கும் அறுவடைப் பரிசோதனையின் சராசரியைப் பார்த்து வருகிறது. 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டு அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். எந்த சர்வே எண்களில், எந்த நாள் பரிசோதனை என்று முன்கூட்டிக் கேட்டு, அறுக்கும்போது நாலு பேர் உடன் நில்லுங்கள். பணம் வராத பிறகு கேட்டால் சராசரியைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். வெள்ள நிவாரணம் வேறு கணக்கு. அதில் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று வருவாய், வேளாண் துறைகளின் கூட்டுக் கணக்கெடுப்பில் பெயர் ஏற வேண்டும். பெயர் விட்டுப்போயிருந்தால் உடனே மனு கொடு, தண்ணீர் வடிந்தபின் காட்ட ஒன்றும் இருக்காது.

சீர்காழி ஆசிரியர்:
புதன்கிழமைத் தங்கல் பற்றி யாரும் எழுதவில்லை. "உங்களைத் தேடி உங்கள் ஊரில்" என்ற பெயரில் 2024 ஜனவரி 31-இல் தொடங்கியது. காலை 9 மணி முதல் மறுநாள் காலை வரை ஒரே தாலுகாவில். பள்ளிக் காலை உணவு, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் என்று சுற்றுவார்கள், மாலையில் மனு வாங்குவார்கள். தனிப்பட்ட பட்டா விவகாரத்தைவிட, கழிப்பறையில் தண்ணீர் இல்லை, சுகாதார நிலையத்தில் இரவு டாக்டர் இல்லை என்பது போல நேரில் காட்டக்கூடிய குறைகளுக்கு இதுதான் நாள். எல்லாத் துறை அதிகாரியும் கூடவே நிற்பார்கள்.

மனு எழுதுபவர், ஆட்சியரக வாசல்:
கடைசியாக ஒன்று. தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் திங்கள் கூட்டமும் வெள்ளிக் கூட்டமும் நிற்கும். வாசலில் ஒரு பெட்டி வைப்பார்கள். பெட்டியில் போட்டால் கையில் சீட்டு வராது. அவசரமில்லாத மனு என்றால் வைத்திருந்து பிறகு கொடுங்கள். அவசரம் என்றால் ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகை கேட்டு அனுப்புங்கள்.